ஒட்டுவது ஈஸி, உரிப்பதுதான் கஷ்டம்: மாஸ்கிங் டேப் தந்த ரிச்சர்ட் ட்ரூவின் கதை

பைக் டேங்கிலோ கார் கதவிலோ பல வருஷத்துக்கு முன்பு ஆசை ஆசையாக ஒட்டிய ஸ்டிக்கரை ஒருநாள் உரிக்க உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. நகத்தால் கிளப்பினால் துண்டு துண்டாக உடையும். மேலே இருக்கும் படம் மட்டும் வந்துவிட்டு, பசை அப்படியே நிற்கும். அவசரப்பட்டு இழுத்தால் பெயிண்டும் சேர்ந்து பெயர்ந்து வரும். ஒட்டும்போது ரெண்டே நிமிஷம், எடுக்கும்போது அரை நாள்.

இது இன்றைய தலைவலி மட்டும் இல்லை. சுமார் நூறு வருஷத்துக்கு முன்பு, அமெரிக்காவில் கார்களுக்கு பெயிண்ட் அடித்த தொழிலாளர்களும் இதே பிரச்சினையோடுதான் மல்லுக்கட்டினார்கள். அதற்குத் தீர்வு கண்டவர் பெரிய விஞ்ஞானி இல்லை, ரசாயனம் படித்தவரும் இல்லை. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்த, நடனக் குழுக்களில் பாஞ்சோ வாசித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். பெயர் ரிச்சர்ட் ட்ரூ. பெயிண்டர்கள் கையில் இன்றும் இருக்கும் மாஸ்கிங் டேப்பும், வீட்டு மேஜை டிராயரில் கிடக்கும் கண்ணாடி மாதிரியான செலோ டேப்பும் அவர் தந்தவை.

யார் இந்த ட்ரூ?

ரிச்சர்ட் கர்லி ட்ரூ 1899 ஜூன் 22-ம் தேதி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் பால் நகரில் பிறந்தார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தார். நடன அரங்குகளில் பாஞ்சோ வாசித்து வந்த காசில்தான் படிப்புச் செலவு ஓடியது. ஆனால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கல்லூரியை விட்டுவிட்டு, இயந்திர வடிவமைப்பை அஞ்சல் வழியில் படித்தார்.

1921-ல் உள்ளூர் நிறுவனம் ஒன்றில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது. அந்த நிறுவனத்தின் பெயர் மினசோட்டா மைனிங் அண்ட் மேனுஃபேக்சரிங். இன்று உலகம் அதை 3எம் என்று அழைக்கிறது. அப்போது அது உப்புத்தாள் தயாரிக்கும் சின்ன கம்பெனி.

அந்த கம்பெனியின் தொடக்கமே ஓர் ஏமாற்றம்தான். உப்புத்தாளுக்குத் தேவையான குருந்தக் கல்லை வெட்டி எடுத்து விற்கலாம் என்றுதான் 1902-ல் சில பேர் சேர்ந்து அதை ஆரம்பித்தார்கள். குருந்தக் கல்லுக்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். அந்தச் சொல்லே தமிழின் குருந்தத்திலிருந்து போனதுதான். தோண்டிய பிறகுதான் தெரிந்தது, கிடைத்தது குருந்தமே இல்லை, வேலைக்கு ஆகாத வேறு கல் என்று. பிறகு வெளியிலிருந்து கல் வாங்கி உப்புத்தாள் செய்து, தட்டுத்தடுமாறித்தான் கம்பெனி எழுந்து நின்றது. ட்ரூ சேர்ந்த 1921-ல், தண்ணீர் ஊற்றித் தேய்த்தாலும் ஊறிப்போகாத ஒரு புதுவகை உப்புத்தாளை அது சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. கார் பட்டறைகளில் அதற்கு நல்ல வரவேற்பு. காய்ந்த தாளில் தேய்த்தால் பறக்கும் பெயிண்ட் தூசி, தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பறக்காது.

அந்த உப்புத்தாளின் மாதிரிகளை செயின்ட் பாலில் இருந்த பட்டறைகளுக்கு எடுத்துப்போய்க் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டு வருவது ட்ரூவின் வேலைகளில் ஒன்று.

பட்டறையில் கேட்ட வசவு

1920-களின் தொடக்கத்தில் கார் உலகத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை ஒரு காருக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்கவே வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த, சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அதை மாற்றியது. ஸ்ப்ரே கன்னால் அடித்தால் போதும், சீக்கிரம் காய்ந்துவிடும். விதவிதமான நிறங்களும் வந்தன. ஒரே காரில் ரெண்டு நிறம் அடிப்பது ஃபேஷன் ஆனது.

ரெண்டு நிறம் என்றால் நடுவில் ஒரு கோடு வேண்டும். அந்தக் கோடு கத்தியால் வெட்டினதுபோல நேராக இருக்க வேண்டும். முதல் நிறம் அடித்துக் காய்ந்ததும், அதன் மேல் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டு, பக்கத்தில் ரெண்டாவது நிறத்தை அடிப்பார்கள். செய்தித்தாள், இறைச்சிக் கடையில் சுற்றிக்கொடுக்கும் தாள் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் பசை தடவி ஒட்டினார்கள். சிலர் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியையும் ஒட்டிப் பார்த்தார்கள்.

பிரச்சினை, எடுக்கும்போதுதான் வந்தது. பசை ரொம்பப் பிடித்துக்கொண்டால் புது பெயிண்ட் உரிந்து வந்துவிடும். பிடிமானம் குறைவாக இருந்தால் பெயிண்ட் அடியில் கசிந்து கோடு கெட்டுப்போகும். சுரண்டி எடுத்தாலும் பிசுபிசுப்பு நிற்கும். ஒரு நாள் முழுக்கப் பார்த்த வேலை ஒரு இழுப்பில் பாழாகும். கெட்டுப்போன இடத்தைத் திரும்பத் தேய்த்து, திரும்ப பெயிண்ட் அடிக்க வேண்டும். அந்தக் கூலியும் நஷ்டமும் பட்டறையின் தலையில்தான்.

1923-ல் ட்ரூ ஒரு பட்டறைக்குள் நுழைந்தபோது இதுதான் நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தாளை உரித்த பெயிண்டர், கூடவே பெயர்ந்து வந்த பெயிண்டைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். உப்புத்தாள் கொடுக்க வந்த ட்ரூ, இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துத் தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு அப்போது பசையைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவருடைய கம்பெனி அதுவரை ஒரு டேப் கூட செய்ததில்லை.

ஆனால் அது அப்படி ஒன்றும் சம்பந்தமில்லாத விஷயமும் இல்லை. உப்புத்தாள் என்பதே, ஒரு தாளில் பசை தடவி அதன் மேல் கல் பொடியைத் தூவுவதுதான். கல் பொடி இல்லாத உப்புத்தாள் கிடைத்தால், அது பாதி டேப்.

எங்கே அறுபட வேண்டும்?

ட்ரூவின் முன்னால் இருந்த சிக்கலைப் புரிந்துகொள்ள, ஒட்டிய டேப்பைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பதுபோல யோசிக்க வேண்டும். அடியில் தகரம். அதன் மேல் பெயிண்ட். அதன் மேல் பசை. எல்லாவற்றுக்கும் மேலே தாள். டேப்பை இழுக்கும்போது, இந்த அடுக்குகளில் எது ரொம்ப பலவீனமோ அங்கேதான் அறுபடும்.

அறுபட நான்கு இடங்கள் உண்டு. தகரத்திலிருந்து பெயிண்ட் பெயரலாம். அது பெரிய நஷ்டம். பசையே நடுவில் ரெண்டாகப் பிளக்கலாம். அப்படியானால் பாதி பசை வண்டியில் நிற்கும். பசையிலிருந்து தாள் பிரியலாம். அப்போது முழு பசையும் வண்டியோடு தங்கிவிடும். நான்காவது, பெயிண்டிலிருந்து பசை சுத்தமாகக் கழன்று வருவது. பெயிண்டருக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

ஆக, பசை பெயிண்டைப் பிடிக்கவும் வேண்டும், ஆனால் மற்ற எல்லாப் பிடிப்பையும்விட அந்தப் பிடிப்பு கொஞ்சம் குறைவாகவும் இருக்க வேண்டும். அதோடு, பக்கத்தில் அடிக்கிற ஈர லாக்கரில் இருக்கும் கரைப்பான் பசையைக் கரைத்துவிடக் கூடாது. தாளும் நனைந்து கிழியக் கூடாது. சொல்லும்போது சுலபமாக இருக்கும் இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க ட்ரூவுக்கு ஏறத்தாழ ரெண்டு வருஷம் ஆனது.

தாவர எண்ணெய், பலவிதப் பிசின், ஆளி விதை எண்ணெய், கிளிசரின் என்று கிடைத்ததை எல்லாம் கலந்து பார்த்தார். கடைசியில் சரிப்பட்டு வந்தது, தச்சர்கள் மரத்தை ஒட்டப் பயன்படுத்தும் வஜ்ரம் மாதிரியான பசையில் கிளிசரின் கலந்த கலவை. வஜ்ரம் தனியாகக் காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். கிளிசரின் அதை இறுக விடாமல் இளக்கமாகவே வைத்திருந்தது. அதனால் தடவி ஒட்ட வேண்டியதில்லை, விரலால் அழுத்தினாலே பிடித்துக்கொண்டது.

அடுத்த சிக்கல் தாள். சாதாரணத் தாள் கார் மட்கார்டின் வளைவில் படியாது, கிழியும். பொடிப்பொடியாகச் சுருக்கம் விழுந்த கிரேப் காகிதத்தை ட்ரூ எடுத்துக்கொண்டார். அந்தச் சுருக்கங்கள் விரிந்து கொடுப்பதால் வளைவிலும் மடங்காமல் உட்கார்ந்தது. இன்று கடையில் வாங்கும் மாஸ்கிங் டேப்பை உற்றுப் பார்த்தால் அந்தச் சுருக்கம் இப்போதும் தெரியும்.

முதலாளி வேண்டாம் என்றார், ட்ரூ விடவில்லை

இந்த ரெண்டு வருஷமும் ட்ரூவுக்கு ஆதரவு கொட்டிக் கிடக்கவில்லை. கம்பெனியை நடத்திக்கொண்டிருந்த வில்லியம் மெக்நைட், கணக்கு எழுதும் உதவியாளராகச் சேர்ந்து மேலே வந்தவர். செலவில் கறார். டேப் வேலையை நிறுத்திவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார்க்கும்படி ட்ரூவிடம் சொல்லிவிட்டார். ட்ரூ சரி என்று கொஞ்ச நாள் அந்த வேலையைப் பார்த்தார். பிறகு பழையபடி டேப்புக்கே திரும்பிவிட்டார். ஆய்வகத்துக்கு வந்த மெக்நைட் கண்ணில் அது பட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த கட்டத்துக்கு இயந்திரம் தேவைப்பட்டது. டேப்பைச் சீராகத் தயாரிக்க ஒரு மெஷின் வாங்க வேண்டும் என்று ட்ரூ கேட்டார். மெக்நைட் முடியாது என்றார். 100 டாலர் வரைக்குமான செலவுக்கு மேலிடத்தின் அனுமதி வாங்காமல் ட்ரூவே கையெழுத்துப் போடலாம் என்பது அப்போதைய ஏற்பாடு. அவர் என்ன செய்தார்? 99 டாலருக்கு ஒரு பில், இன்னொரு 99 டாலருக்கு ஒரு பில் என்று துண்டு துண்டாக ஆர்டர் போட்டு மெஷினை வாங்கிவிட்டார். பின்னாளில் அதை மெக்நைட்டிடம் அவரே ஒப்புக்கொண்டார்.

வேறு கம்பெனியாக இருந்தால் அன்றைக்கே சீட்டு கிழிந்திருக்கும். மெக்நைட் வேறு முடிவுக்கு வந்தார். சரியான ஆளை வேலைக்கு எடுத்துவிட்டால், அவரை அவர் போக்கில் விட வேண்டும், அதில் நடக்கும் தப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது பிற்காலத்தில் அவருடைய நிர்வாகக் கொள்கையாகவே ஆனது. ஊழியர்கள் தங்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்று 3எம்-மில் வந்த வழக்கத்துக்கு ட்ரூவின் கதையை முன்னுதாரணமாகச் சொல்வதுண்டு. ஒட்டினாலும் தடயம் இல்லாமல் எடுக்க முடிகிற மஞ்சள் நிறக் குறிப்புத் தாள், 1970-களில் அதே வழக்கத்தில் பிறந்தது.

'ஸ்காட்ச்' என்ற பெயர் எப்படி வந்தது?

1925-ல் மாஸ்கிங் டேப் தயாரானது. சுமார் ரெண்டு அங்குல அகலம். முதலில் பட்டறைக்குப் போன மாதிரியில், ஓரங்களில் மட்டும் பசை தடவி, நடுவில் வெறுமையாக விட்டிருந்ததாக நிறுவனத்தில் வழிவழியாக ஒரு கதை உண்டு. அடிக்கும்போது டேப் கழன்று விழ, கடுப்பான பெயிண்டர் ஒருவர், இதைக் கஞ்சப் பிசினாறி முதலாளிகளிடமே கொண்டுபோய்ப் பசையை முழுசாகத் தடவச் சொல்லும்படி எரிந்து விழுந்தாராம். ஸ்காட்லாந்துக்காரர்கள் கஞ்சர்கள் என்று அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு கிண்டல் இருந்தது. அதனால் அவர் சொன்ன சொல் 'ஸ்காட்ச்'. வசவாக வந்த அந்தப் பெயரையே நிறுவனம் பிராண்டாக வைத்துக்கொண்டது.

பசையை முழு அகலத்துக்கும் தடவிய டேப், கார் ஆலைகள் நிறைந்த டெட்ராய்டு வரை போனது. சில நொடிகளில் ஒட்டி, பெயிண்ட் அடித்து, ஒரு இழுப்பில் உரித்துவிடலாம். கோடும் நேராக வந்தது, கீழே இருந்த பெயிண்டும் பத்திரமாக இருந்தது.

பேக்கரிக்குப் போன கண்ணாடி டேப்

ட்ரூ அதோடு நிற்கவில்லை. 1920-களின் கடைசியில் டூபான்ட் தயாரித்த செல்லோஃபேன் என்ற கண்ணாடித் தாள் அமெரிக்கச் சந்தையில் பரவியது. ரொட்டி, இனிப்பு, இறைச்சி என்று எல்லாவற்றையும் அதில் சுற்றினார்கள். அந்தத் தாளிலேயே ஒரு டேப் செய்தால் என்ன என்று ட்ரூ கிளம்பினார்.

இது முந்தையதைவிடப் பெரிய தலைவலி. செல்லோஃபேன் சூட்டில் சுருளும், இயந்திரத்தில் கிழியும், பசை சீராகப் பரவாது. பழைய பசையைத் தடவினால் கண்ணாடித் தாளின் அழகே போய்விடும். ரப்பரும் பிசினும் எண்ணெயும் கலந்து, நிறமில்லாத புதுப் பசை ஒன்றை உருவாக்கினார்கள். தாளில் பசை நன்றாகப் பிடிக்க, அதற்கு முன் ஒரு அடிப்பூச்சும் கொடுத்தார்கள். பசையிலிருந்து தாள் பிரிந்து போகும் அந்த மூன்றாவது வழியை அடைத்தது இந்த அடிப்பூச்சுதான்.

1930-ல் டேப் விற்பனைக்கு வந்தது. பேக்கரிக்காரர்கள் பொட்டலம் ஒட்ட என்று செய்தது, அங்கே ரொம்ப நாள் நிலைக்கவில்லை. சூடு வைத்தே செல்லோஃபேனை ஒட்டும் முறை வந்துவிட்டதால், டேப் தேவைப்படவில்லை. ஆனால் அது பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய நேரம். மக்கள் கையில் காசு இல்லை. கிழிந்த புத்தகம், உடைந்த பொம்மை, விரிசல் விட்ட ஜன்னல் எதையும் தூக்கிப் போடாமல் ஒட்டி ஒட்டிப் பயன்படுத்தினார்கள். டேப் வீட்டுக்கு வீடு போனது. நுனியைத் தேடிப்பிடித்துக் கத்தரிக்கும் தொல்லை தீர, பல் வைத்த டிஸ்பென்ஸரை 1932-ல் 3எம் விற்பனை மேலாளர் ஜான் போர்டன் உருவாக்கினார்.

1940-களில் ட்ரூவுக்கென்றே தனி ஆய்வகம் ஒன்று அமைந்தது. மற்ற துறைகளில் ஒத்துப்போகாத ஆட்களை அவர் தேடிப்பிடித்து அங்கே சேர்த்தார். காயத்தில் ஒட்டினாலும் தோல் மூச்சுவிடும் பிளாஸ்திரி, முகக்கவசம் என்று பின்னாளில் பெரிய வியாபாரமான பல பொருள்களுக்கு அந்த ஆய்வகம்தான் அடித்தளம். 30 காப்புரிமைகள் ட்ரூவின் பெயரில் உண்டு. 1962-ல் ஓய்வு பெற்ற அவர், 1980 டிசம்பர் 14-ம் தேதி கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 81-வது வயதில் காலமானார். 2007-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அப்போ, பழைய ஸ்டிக்கர் ஏன் உடைகிறது?

ட்ரூவின் நான்கு இடக் கணக்கை வைத்துப் பார்த்தால், இன்றைய வினைல் ஸ்டிக்கரின் பிரச்சினையும் புரிந்துவிடும். வினைல் என்பது பி.வி.சி. அது இயல்பில் விறைப்பான பிளாஸ்டிக். 1926-ல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன், அதில் இளக்கி கலந்தால் ரப்பர் மாதிரி வளையும் என்று கண்டுபிடித்தார். அந்த இளக்கி வருஷக்கணக்கில் வெயிலில் காயும்போது மெல்ல மெல்ல வெளியேறிவிடுகிறது. ஸ்டிக்கர் சுருங்கி, விறைத்து, வெடிக்கிறது. இழுத்தால் பொடியாகிறது. அடியில் இருக்கும் பசையும் வெயிலில் வெந்து இறுகி, பெயிண்டை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. மாஸ்கிங் டேப்பையே வெயிலில் நாள்கணக்கில் விட்டாலும் இதே கதிதான்.

ஆகவே உரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

முதலில் சூடு. ஹேர் டிரையர் போதும். ஹீட் கன் என்றால் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டால் கை தாங்குகிற சூடுதான் கணக்கு. அதில் வினைல் இளகி, உடையாமல் நீளும். சூடு அதிகமானால் பசை கூழாகி வண்டியிலேயே தங்கிவிடும், பெயிண்டும் கெடும்.

அடுத்து வேகம். பசை, மெதுவாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும், வெடுக்கென்று இழுத்தால் முரண்டு பிடிக்கும். ஒரு மூலையைக் கிளப்பி, பின்பக்கமாக மடக்கி, பொறுமையாக இழுக்க வேண்டும். கிளப்புவதற்கு பிளாஸ்டிக் துண்டு போதும். பிளேடு, ஸ்க்ரூ டிரைவர் பக்கமே போக வேண்டாம்.

மிச்சம் நிற்கும் பசைக்கு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலையோ, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த பசை நீக்கியையோ துணியில் நனைத்து, சில நிமிஷம் அதன் மேல் ஊறவிட வேண்டும். ஊறிய பிறகு துடைத்தால் வந்துவிடும். தேய்ப்பதைவிட ஊறவிடுவதுதான் முக்கியம். முதலில் வெளியே தெரியாத ஓர் இடத்தில் தடவி, நிறம் துணியில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தின்னரும் அசிட்டோனும் பசையோடு பெயிண்டையும் கரைக்கும். பெட்ரோல், தீப்பிடிக்கும் ஆபத்து. கம்பெனி பெயிண்ட் தாங்குவதை, பட்டறையில் திரும்ப அடித்த பெயிண்ட் தாங்காமல் போகலாம். அதன் பிடிமானம் பசையைவிடக் குறைவாக இருந்தால், என்ன செய்தாலும் பெயிண்ட்தான் முதலில் வரும். அப்படிப்பட்ட வண்டியை பெயிண்டரிடம் காட்டிவிட்டுத் தொடுவது நல்லது.

எல்லாம் முடிந்து ஷாம்பு போட்டுக் கழுவினாலும், ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுசாகத் தெரியலாம். அது கறை இல்லை. சுற்றியிருக்கும் பெயிண்ட் வெயிலில் வெளுத்துவிட்டது, அந்த இடம் வெளுக்கவில்லை, அவ்வளவுதான். பாலிஷ் போட்டால் வித்தியாசம் ஓரளவு குறையும்.

செயின்ட் பால் பட்டறையில் அந்தப் பெயிண்டர் திட்டியதும், ஒட்டியது பிடிக்கவில்லை என்பதற்காக இல்லை. எடுக்கும்போது கூடவே பெயிண்டையும் கொண்டுபோனதற்காகத்தான். உப்புத்தாள் கொடுக்க வந்த இடத்தில் அந்த வசவைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிப் போயிருந்தால், ட்ரூவின் வேலை அன்றைக்கு முடிந்திருக்கும். அவர் நின்று, என்ன பிரச்சினை என்று கேட்டார்.